உருவை இறக்கும் விதி

அந்தப் புத்தகத்தில் இருந்த காட்டுவீரனின் படத்தைப் பார்த்த முதல் நாளே எனக்கு எரிச்சல் வந்தது. பின்னால் பனி மலை, தோளில் கரடித் தோல், இரண்டு கையாலும் தூக்கிய கோடரி, அண்ணாக்கு தெரியத் திறந்த வாய். ஆத்திரம் வந்தால் அவனுக்குப் பலம் கூடுமாம், வெட்டு விழுந்தாலும் பாதிதான் நோகுமாம், கொஞ்ச நேரத்தில் அந்த ஆத்திரம் தானாகவே அடங்கிவிடுமாம். ஆத்திரம் தானாக அடங்குகிற ஆணைத் திருகோணமலையில் நான் இன்னும் காணவில்லை. பெண்ணையும் காணவில்லை, எங்கள் வீட்டிலும் ஒரு கண்ணாடி இருக்கிறது.

நான் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்கிறேன். கோதுமை இறக்க வந்த கப்பலொன்றில் பல்வலியால் துடித்த பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவனைப் பல் வைத்தியரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வீங்கிய கன்னத்தோடு திரும்பிப் போகும்போது அந்தப் புத்தகத்தையும் ஒரு துணிப்பை நிறையப் பகடைகளையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதுதான் தொடக்கம்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி நடக்க வேண்டும். கதவை உடைக்கிறேன், கழுத்தை வெட்டுகிறேன் என்று வாயால் சொல்வார்கள். அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாத்திரங்களுக்கு வகுப்புகள் உண்டு. போர்வீரன், மந்திரவாதி, குணமாக்கும் பூசாரி, கள்ளன், காட்டுவீரன் என்று. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு பலம், ஒவ்வொரு தாள்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாள் பின்னேரங்களில், லிங்கநகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விளையாடினோம். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதி ஒருத்தி, ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் தாதி, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். மற்றவர் கிண்ணியாவில் இருந்து எங்கள் கந்தோர்ப் பக்கத்துக் கடைகளுக்குத் தயிர்ச் சட்டி கொண்டுவரும் முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு நானா. கதை சொல்கிற வேலை எனக்கு. வீட்டிலும் கந்தோரிலும் நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை என்பதால் அந்த வேலையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வகுப்புகளின் பெயரை மட்டும் தமிழாக்கினால் போதும் என்று முதலில் நினைத்தோம். அது வெள்ளைக்காரப் பொம்மைக்குச் சேலை கட்டுகிற வேலையாக முடிந்தது. சேலைக்குள் அதே பொம்மை.

உடைத்துப் பேசியவள் தாதிதான். பூசாரி கையை நீட்டினால் வெளிச்சம் வந்து காயம் மூடும் என்று புத்தகத்தில் இருந்ததை நான் வாசித்துக் காட்ட, அவள் முகத்தைச் சுளித்தாள்.

"வெளிச்சம் வந்து காயம் மூடுறதோ? எடியே, மரக்கிற ஊசி முடிஞ்ச நாளில ஒருக்கா வந்து பார். நாலு பேர் பிடிக்க வேணும். பிடிச்சாலும் உதைப்பாங்கள்."

அதனால் எங்கள் விளையாட்டில் குணமாக்குதல் வலிக்கும். காயப்பட்டவனுக்கு முதலில் இரண்டு உயிர்ப்புள்ளி குறையும். பக்கத்தில் இருப்பவன் தன் முறையைச் செலவழித்து அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் தைப்பாள். முதல் நாளே நானாவின் தோளை அவள் தைத்த விதத்தைச் சொல்லச் சொல்ல, மனிதர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

நானாவுக்குத் தம்பலகாமத்தில் கொஞ்சம் வயல். இரவுக் காவலுக்குப் போன பக்கத்து வயல்காரனை யானை மிதித்துவிட, விடிய அவனைச் சாக்கில் அள்ளிக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். மந்திரவாதி வகுப்பைப் பார்த்து, "இந்தத் தாடியும் கோலும் எனக்குத் தேவல்ல. நான் மரத்தில பரண் போட்டுக் குந்திக்கிட்டு யானை வெடி எறியிறவன். நெருப்புப் பந்து எண்டு போட்டிருக்கிற இடத்தில எல்லாம் யானை வெடி எண்டு எழுதுங்க தங்கச்சி" என்றார். அவருடைய வெடி பகைவனைக் கொல்லும். பகடையில் ஒன்று விழுந்தால் அவருடைய கையையே கொண்டுபோகும். அது அவரே கேட்டு வைத்த விதி.

கள்ளனுக்கும் ஒரு தாள் எழுதினேன். அதில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டு, வெளி மதிலில் காயப் போட்டிருந்தபோது ரோட்டில் திரிகிற மான்களில் ஒன்று வந்து தின்றுவிட்டது. அதனால் எங்கள் கதையில் கள்ளன் இல்லை.

காட்டுவீரன் மட்டும் யாரும் எடுக்காமல் கிடந்தான். பிறகு என் தம்பிக்கு அது நடந்தது.

தம்பி சுழியோடி. சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்குக்கு இறங்குகிறவன். கீழே ஆள் இருக்கிறான் என்பதற்கு அடையாளமாக ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கலனைக் கயிற்றில் கட்டி மேலே மிதக்க விடுவார்கள். அந்தச் சிவப்பைக் கண்டால் யாராக இருந்தாலும் எஞ்சினைக் குறைத்து விலகிப் போவார்கள். எவ்வளவு பகை இருந்தாலும் அதை யாரும் மீறுவதில்லை. அன்றைக்குத் தம்பி கலனையும் இழுத்துக்கொண்டு படகை விட்டுத் தூரமாகப் போயிருந்தான். படகில் இருந்தவன் மறுபக்கம் குனிந்து, மக்கர் பண்ணிய எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தான். மீனுக்கு வெடி போட்டுவிட்டு ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. தண்ணீரில் வயிறு தெரிய மீன்கள் மிதந்தன. அவற்றுக்கு நடுவில் என் தம்பி மிதந்தான்.

இரண்டு காதாலும் மூக்காலும் இரத்தம். விபத்துப் பிரிவில் அவனை வாங்கியது என் சிநேகிதிதான். எனக்குத் தொலைபேசி எடுத்தபோது அவளுடைய குரல் வழமைபோல இல்லை. வலது காது முழுதாகப் போயிற்று. இடது காதில் பாதி மிஞ்சியது. நடந்தால் சரிந்தான். இனிக் கடலுக்குள் இறங்கவே ஏலாது என்று சொல்லிவிட்டார்கள்.

வார்ட்டில் கிடந்த நாட்களில் பார்வையாளர் நேரம் வந்தால் அவன் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பான் என்று தாதி சொன்னாள். யாராவது பெட்டையை எதிர்பார்க்கிறான் என்று நினைத்து நான் பகிடி பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை.

வெடி போட்டவன் கடற்கரைப் பக்கமாக எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவன். தம்பியோடு ஒன்றாகக் கிரிக்கெட் விளையாடியவன். பொலிசில் முதலில் வெடியே போடவில்லை என்றான். பிறகு, போட்டேன், வெயில் கண்ணுக்குள் அடித்ததால் சிவப்புக் கலனைக் காணவில்லை என்றான். கடலில் வேறு சாட்சி இல்லை. வழக்கு இன்னும் தவணைக்கு மேல் தவணையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

தம்பிக்கு அந்த ஒரு கேள்விதான். கண்டானா, காணவில்லையா. காணாமல் எறிந்திருந்தால் அது விபத்து. கண்டுகொண்டு எறிந்திருந்தால் அது கொலை. சாக வேண்டியவன் தப்பிவிட்டான் என்பது மட்டும்தான் வித்தியாசம். கண்டான் என்றுதான் தம்பி நம்பினான். நாங்கள் எல்லோரும், காணாமல்தான் எறிந்திருப்பான், விடு, பொறு, வழக்கு நடக்குதுதானே என்று சொல்லிச் சொல்லி அவனுடைய மிச்சக் காதையும் நிரப்பினோம். மீன் வாடியில் அவனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை கிடைத்தது. போயா நாளில் வெடிக்காரன் கடலுக்குப் போகமாட்டான். கரையில் படகின் நிழலில் இருந்து வலை பொத்துவான். தம்பி அங்கே போய்க் கொஞ்சம் தள்ளி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஆட்கள் வந்து சொல்லத் தொடங்கினார்கள். அவன் ஐஸ் உடைக்கிற ஊசியையும் கொண்டு போகிறான் என்றார்கள்.

அவனைப் பிடித்து வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. போயாப் பின்னேரம் மேசைக்கு இழுத்து வந்தேன். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கரடித் தோல்காரனில் விரலை வைத்தான்.

"இவன் என்ன செய்வான்?"

"கோபம் வந்தால் அடிப்பான்."

"அப்ப இதுதான்."

அன்றைக்கு இரவெல்லாம் யோசித்தும் எனக்கு அந்தப் பனி மலைக்காரனைத் தம்பியின் கையில் கொடுக்க மனம் வரவில்லை. எங்கள் அம்மன் கோயிலில் சாமி ஏறி உரு வந்து ஆடுகிறவர்களை நான் சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். உரு ஏறியவனை யாரும் அடிப்பதில்லை, ஏசுவதில்லை, பொறு என்று சொல்வதும் இல்லை. சொன்னால் இன்னும் ஏறும். ஒருவர் செம்பில் தண்ணீரும் வேப்பிலையுமாகக் கிட்டப் போய், என்ன வேணும் என்று கேட்பார். கேட்டதைக் கொடுக்க வேண்டும், அல்லது தருவேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் இறங்கும். காட்டுவீரனைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் உருக்காரன் என்று எழுதினேன். விதியும் எழுதினேன். உருக்காரனின் ஆத்திரம் தானாக அடங்காது. பகைவன் முடிந்தால் பக்கத்தில் நிற்கிற சிநேகிதனை வெட்டுவான். விளையாடுகிறவர்களில் ஒருவர் கிட்டப் போய், என்ன வேணும் என்று கேட்க வேண்டும். அவன் கேட்பதைக் கேட்டவரே தன் தாளில் இருந்து கொடுக்க வேண்டும்.

நானா மாட்டேன் என்று தலையாட்டினார். "இது எங்களுக்குச் சரிவராது தங்கச்சி. தெய்வம் ஏறுற விளையாட்டு நான் விளையாட ஏலாது."

"தெய்வம் இல்லை நானா. அது அவன்ர சொந்தக் கோபம். இறக்கிற முறையை மட்டும்தான் கோயிலில இரவல் எடுத்தனான்."

கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "சொந்தக் கோபம் எண்டால் பிரச்சினையில்ல. அது எல்லாருக்கும் ஏறுறதுதான்."

முதல் சண்டையிலேயே நானா வழமைபோல, "யானை வெடியை எறியிறன்" என்றார். சொல்லி முடிக்க முன்னமே தம்பியின் கை வலது காதுக்குப் போனதை எல்லோரும் கண்டோம். நானா பேனையை எடுத்து, தன் தாளில் வெடி என்று இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டினார். "மழையில நனைஞ்சு போச்சு. இனிப் பந்தம்தான்" என்றார். அவ்வளவு காலம் சேர்த்த பலம் முழுவதையும் ஒரு கோட்டில் விட்டுவிட்டார். அவருக்கு நான் அதற்கு நன்றி சொல்லவில்லை. அன்றைக்குத் தயிர்ச் சட்டி இரண்டு கூட வாங்கினேன்.

தம்பி விளையாடிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாலத்தில் வழிமறித்தவனின் தாடையைக் கையாலேயே பிளந்தான். ஓடியவனைக் காலில் பிடித்து இழுத்து வந்து கல்லில் அடித்தான். எப்படி அடித்தாய் என்று நான் கேட்டால், எந்த எலும்பு எந்தச் சத்தத்தோடு போனது என்பது வரைக்கும் சொல்வான். சத்தத்தைச் சொல்லும்போது மட்டும் அவன் கண்ணை மூடிக்கொள்வான். பகைவர் முடிய, தாதியின் பாத்திரத்தின் பக்கம் திரும்புவான். அவள் கேட்பாள்: "என்ன வேணும்?"

"உன்ர விரல் ரெண்டு."

அவள் தன் தாளில் இரண்டு விரலை வெட்டுவாள். அன்றிலிருந்து அவளுடைய தையல் கோணலாகத்தான் விழுந்தது. இன்னொரு நாள் நானாவின் தாளில் இருந்த பொதிக் கழுதையைக் கேட்டான். நானா பெருமூச்சு விட்டுக்கொண்டு கொடுத்தார். மேசையில் இரத்தம் ஆறாக ஓடியது. தம்பி வீட்டில் சோறு ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினான். ஐஸ் ஊசி வாடியிலேயே கிடந்தது. எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அப்படி ஒரு போயா. தாதிக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பி, நானா, நான். கதையில் தம்பி ஒரு கோட்டை வாசலில் நின்று வெட்டிக்கொண்டிருந்தான். வெளியே ரோட்டில் மேளச் சத்தம் கேட்டு நானாவும் நானும் திரும்பினோம். எங்கள் பார்வையைப் பார்த்துத் தம்பியும் திரும்பினான். பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று போனது. பெட்டியில் புத்தம் புதுப் படகு எஞ்சின். அதற்கு மாலை, சந்தனப் பொட்டு. பக்கத்தில் கையை எஞ்சினில் போட்டபடி வெடிக்காரன் இருந்தான். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தம்பி," நானா அவசரமாகச் சொன்னார், "உங்கட ஆள் என்னை வெட்ட வாறான். என்ன வேணும்? சொல்லுங்க, தாறன்."

தம்பி எழும்பியபோது கதிரை பின்னால் விழுந்தது. குசினிக்குள் போனான், கதவுக்குப் பின்னால் தொங்குகிற, தேங்காய் வெட்டும் மன்னாக் கத்தியோடு வெளியே வந்தான். நான் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுப் போனான். நான் சுவரில் அடிபட்டு விழுந்தேன்.

நானாவின் மோட்டார்சைக்கிளில் ஏறிப் பின்னால் போனோம். வளைவில் பின்பெட்டி கழன்று தயிர்ச் சட்டிகள் எல்லாம் ரோட்டில் உடைந்தன. நானா திரும்பியும் பார்க்கவில்லை. நாங்கள் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெட்டு விழுந்திருந்தது.

வெடிக்காரன் படகின் முன் அணியத்தில் மல்லாந்து கிடந்தான். இடது முன்கை முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை திறந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. தம்பி அவனுடைய நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கத்தியைக் கழுத்தில் வைத்திருந்தான். ஒருவன் துடுப்பால் தம்பியின் முதுகில் மாறி மாறி அடித்தான். இன்னொருவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். தம்பிக்கு எதுவும் தெரிந்ததாக இல்லை. புத்தகத்தில் போட்டிருந்தது சரிதான். அந்த நேரத்தில் பாதிதான் நோகும்.

நான் நடுவில் பாய்ந்தேன். யாருடையதோ முழங்கை வாயில் பட்டு என் முன்பல் ஒன்று உடைந்தது. துடுப்பு வைத்திருந்தவனின் கையைக் கடித்தேன். தோல் வாயோடு வந்தது. அவன் துடுப்பைப் போட்டுவிட்டான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கத்தினார்கள். விடு என்றார்கள், பொறு என்றார்கள், மறியல் கம்பிக்குள் கிடந்து சாவாய் என்றார்கள். எல்லோரும் அவனுடைய வலது பக்கம் நின்றுதான் கத்தினார்கள்.

நான் படகைச் சுற்றித் தவழ்ந்து இடது பக்கம் வந்தேன். கத்தியின் வாயில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. வாய் நிறைய இரத்தமும் நானே எழுதிய ஒரு விதியும்தான் இருந்தன.

"என்ன வேணும்?" என்று அவன் காதுக்குள் கேட்டேன்.

அவன் திரும்பவில்லை. இன்னும் கிட்டப் போய்க் கேட்டேன். "தம்பி, உனக்கு என்ன வேணும்?"

கழுத்தில் இருந்த கத்தி அசையவில்லை. ஆனால் அவன் முகம் கோணத் தொடங்கியது.

"அவன் என்னை வந்து பாக்கேல்ல, அக்கா. ஒருக்கா வந்து பாத்திருக்கலாம்."

அப்போதுதான் எனக்கு அந்த வார்ட்டுக் கதவு விளங்கியது. ஒருவன் விழுந்து கிடந்தால் பகைவனும் ஒரு பால்மாப் பேணியோடு வந்து கால்மாட்டில் நிற்கிற ஊர் இது. இடித்தவன் வருவான், அடித்தவனும் வருவான். வந்து நின்று ஏச்சு வாங்கிக்கொண்டு போவான். தம்பி ஒவ்வொரு பின்னேரமும் அவனுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறான். நாங்கள் எல்லோரும் என்ன செய்யக்கூடாது என்று சொன்னோமே தவிர, என்ன வேணும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் வெடிக்காரனைப் பார்த்தேன். "வருவியோ?"

அவனால் தலையாட்ட முடியவில்லை. "வருவன்" என்றான்.

"வருவான். நான் கொண்டு வாறன்" என்று தம்பியின் காதுக்குள் சொன்னேன். கத்தி என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவன் அழுத சத்தம் அந்தக் கரை முழுக்கக் கேட்டது. தன் சத்தம் எவ்வளவு பெரிது என்று அவனுக்குத்தான் தெரியாதே.

வெடிக்காரன் ஆஸ்பத்திரியில் எஞ்சின் விசிறி வெட்டியது என்று சொன்னானாம். என் சிநேகிதிதான் தைத்தாள். "நாலு பேர் பிடிச்சவை" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் அவன் வந்தான். கை துணித் தூளியில். மற்றக் கையில் பால்மாப் பேணியும் ஒரு பக்கற் பிஸ்கட்டும். தம்பி முன்கூடத்தில் இருந்தான். சும்மா கிடந்த ஒரே கதிரை அவனுக்கு வலது பக்கம் இருந்தது. வெடிக்காரன் அதில்தான் இருந்தான். வேணுமென்று அந்தப் பக்கம் இருந்தானா, கதிரை அங்கே கிடந்ததால் இருந்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றேன்.

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். மெல்லிய குரல்.

"கலனைக் கண்டனான். பாரை மீன் கூட்டம் ஒண்டு கிடந்தது. விட்டால் போயிடும் எண்டு எறிஞ்சிட்டன். கலனைக் கண்டுகொண்டுதான் எறிஞ்சனான்."

தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின. தம்பி அவனுடைய வாய் அசைவதைக் கண்டிருந்தான். என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, என்னவாம்?"

கத்தி என் முதுகுக்குப் பின்னால், கதவில், வழமையான ஆணியில் தொங்கியது. கழுவிப் போட்டிருந்தேன். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், இடது காதை என் பக்கம் சரித்து. எத்தனையோ மாதமாக அவன் கேட்ட ஒரே கேள்விக்கு விடை இப்போது என் வாயில் இருந்தது. சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை. சொன்னால் ஒருவனைச் சவக்காலைக்கும் ஒருவனை மறியலுக்கும் அனுப்ப வேண்டும். அந்த மறியலுக்குப் போகிறவன் என் தம்பி.

"கலனைக் காணேல்லையாம்" என்றேன் உரத்து. "வெயில் கண்ணுக்குள்ள அடிச்சதாம். மன்னிக்கட்டாம்."

வெடிக்காரன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயைத் திறக்கவில்லை. தம்பி நெடுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள்கள் மெல்லக் கீழே வந்தன. உரு இறங்குவதைக் கோயிலில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன்; இவ்வளவு கிட்ட நின்று கண்டதில்லை.

"தேத்தண்ணி ஆறுது, குடி" என்று தம்பி அவனுக்குச் சொன்னான்.

படலை வரைக்கும் நான் வழியனுப்பப் போனேன். தூளியில் இருந்த கையைப் பிடித்தேன், தையலுக்கு மேலால், பெருவிரலை நன்றாக அழுத்தி. கட்டுத் துணியில் சிவப்பு ஊறி வந்தது. அவன் கத்தவில்லை.

"உள்ள சொன்னதை இன்னொருக்கா ஆருக்காவது சொன்னால், நான் வருவன்" என்றேன். "நான் கையில வெட்டமாட்டன்."

அவன் போனான். நான் படலைக் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயத்தால் இல்லை. அந்தக் கழுத்தைப் பிடிக்காமல் விட்டோமே என்ற அந்தரத்தால்.

அடுத்த போயாவுக்கு எல்லோரும் வந்தார்கள். தம்பி உருக்காரனின் தாளை என் பக்கம் தள்ளினான்.

"எனக்கு இவன் காணும் அக்கா, போதும். இந்த முறை நான் கதை சொல்லுறன். நீ விளையாடு."

அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். வெடிக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. நான் தாளை வாங்கி, உருக்காரன் என்று இருந்ததை உருக்காரி என்று திருத்தினேன். அவன் நல்ல கதைசொல்லி. கடலோரத்து ஊர் ஒன்று, அதை எரிக்க வந்த கொள்ளைக்காரர். நான் வெட்டினேன். பகடை அன்றைக்கு என் பக்கம்தான் விழுந்தது. ஒருவனை வாயில் இருந்து பிடரி வரைக்கும் பிளந்தேன். ஒருவனைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழி நிற்கும் வரைக்கும் பிடித்திருந்தேன். ஒருவன் முழங்காலில் இருந்து கெஞ்சினான் என்று தம்பி சொன்னான்; அவனையும் விடவில்லை. எல்லோரும் செத்த பிறகும் உருட்டிக்கொண்டிருந்தேன். நானா தன் தாளைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்தார். தாதி என் முகத்தையே பார்த்தாள்.

விதிப்படி விளையாடுகிறவர்களில் ஒருவர்தான் கேட்க வேண்டும். கதை சொல்கிறவன் கேட்கக்கூடாது. தம்பிக்கு அது நினைவில்லை, அல்லது அதை அவன் பொருட்படுத்தவில்லை. மேசைக்கு மேலால் குனிந்து, இடது காதை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"என்ன வேணும், அக்கா? இந்தப் பக்கம் சொல்லு, கேக்கும்."

காது அவ்வளவு கிட்ட இருந்தது. மடலில் இன்னும் அந்த வெடியின் சின்னத் தழும்பு.

"ஒண்டும் வேண்டாம்" என்றேன்.

"ஒண்டும் கேக்காட்டி உரு இறங்காது. நீதான் எழுதினனீ."

"ஓம், தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பகடையை எடுத்தேன்.